வாடை போன வண்டி

என் கணவரின் லாரியை வாங்கியவர் மாலையில் எடுத்துப்போக வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் ஒருமுறை கேபினில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று மதியமே பட்டறைக்குப் போனேன். அவர் இறந்து நாற்பது நாளாகியிருந்தது. அவர் சட்டைகளை எல்லாம், பழக்க தோஷத்தில், துவைத்து மடித்துவிட்டிருந்தேன். கருகிய எண்ணெய் வாடை என்று பதினொரு வருடம் அவற்றைத் தனி வாளியில் ஊறவைத்தவள் நான். "வந்துருச்சு பாரு, எங்க வீட்டு எஞ்சின்" என்று மூக்கைப் பொத்திக்கொள்வேன். அவர் சிரித்துக்கொண்டே குளிக்கப் போவார். லாரியில் ஒரு நடை என்கூட வா என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறார்.

"அந்த நாத்தத்துலயா? ஆளை விடுங்க."

இப்போது அந்த வாடை மிச்சமிருக்கும் ஒரே இடம் அந்தக் கேபின்தான்.

ஏறி, அவர் சீட்டின் முதுகில் முகத்தை வைத்தேன். புது ரெக்சின். மெக்கானிக்கை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். எஞ்சின் உறுமியது. காத்திருந்தேன். ஒன்றுமில்லை.

"என்ன தம்பி, வாடையே இல்ல?"

மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது. "எப்படி அண்ணி இருக்கும்? இழுவைக்காகப் பெரிய டர்போ மாட்டினதுல இருந்து எஞ்சின் எண்ணெய்ப் புகையைப் பெருமூச்சா விட்டுட்டு இருந்துச்சு. அந்தப் புகை பூரா கியர் ராடு ஓட்டை வழியா உள்ள வந்துரும். இப்ப அந்தப் புகை வெளிய வர்ற மூச்சுக் குழாயை நீட்டிப் பின்னால கொண்டு போயாச்சு. ஓட்டையையும் ரப்பர் வச்சு அடைச்சாச்சு. சீட்டுக்குக்கூடப் புது உறை. அண்ணன் கடைசியா வந்தது அதுக்குத்தான். உங்களை ஒரு நடை கூட்டிட்டுப் போகணும்னாரு. 'உங்கண்ணிக்கு மோப்பம் ஜாஸ்திடா, துளி வாடை வந்தாலும் இறங்கிப் போயிருவா'ன்னாரு."

என்னிடம் இதைச் சொல்லவே இல்லை. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொல்லலாம் என்று இருந்திருப்பார். அதற்கு முன்பே நெஞ்சு நின்றுவிட்டது.

"அதைக் கழட்டுங்க தம்பி. பழையபடி வைங்க. கொஞ்ச நேரம் போதும்."

மெக்கானிக் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டேன். வந்தது. முதலில் அவர் சட்டைக் காலர் அளவுக்கு. கண்ணை மூடிக்கொண்டேன், குளியலறைக் கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்டது. பிறகு காலர் போய்ப் புகை மட்டும் நின்றது. தொண்டை எரிந்தது. பின்மண்டை கனத்து, நெற்றிப்பொட்டு இரண்டும் தெறித்தன. கதவைத் திறந்து தடுமாறி இறங்கினேன்.

"பத்து நிமிஷத்துக்கே தலை பிளக்குது. இதுல நாள் பூரா எப்படி உட்கார்ந்தாரு? தலைவலின்னு ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

மெக்கானிக் கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்கிட்ட சொல்வாரு அண்ணி. எப்பவும் மாத்திரை வச்சிருப்பாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அது... 'சொன்னா, நான் அப்பவே சொன்னேனேன்னு ஆரம்பிச்சிருவா'ன்னு சிரிப்பாரு."

ஆரம்பித்திருப்பேன். அப்படிச் சொல்லும் என் குரல்கூட எனக்குக் கேட்டது, ஒரு சுருதி பிசகாமல்.

"மறுபடி மாட்டிருங்க தம்பி. அவர் பண்ணினபடியே இருக்கட்டும்."

மாட்டி முடித்ததும் வண்டியைச் சுற்றிப் போய், மறுபக்கக் கதவைத் திறந்து, அவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. துளி வாடை இல்லை. நன்றாகத்தான் செய்திருந்தார்.

வாங்கியவர் வந்து கண்ணாடியைத் தட்டும்வரை நான் இறங்கவில்லை.