ஆயில் சூடாகும் வரை

"ஒரு கிராம் எடையக் குறைக்க ஒரு வாரம் மண்டைய உடைச்சுக்கிறேன்டி."

"அப்ப நான் அந்தக் கார்ல ஏறி உக்காந்தா?"

"நீ அறுபத்திரண்டு கிலோ. ஆயிரத்துச் சொச்சம் வருஷ உழைப்பு தண்டம்!"

இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் கணவரோடு பேசியது. அவளும் விழுந்து விழுந்துதான் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் காரில் ஏறுவதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கேட்காமலே புரிந்துகொள்வார் என்று காத்திருந்தாள்.

உலகத்திலேயே வேகமான கார் என்று பெயர் வாங்கியது அது. அதன் இன்ஜினை வடிவமைத்தவர் அவள் கணவர். இன்றைக்கும் எந்தப் புது வேகக் கார் வந்தாலும் அதோடுதான் ஒப்பிடுகிறார்கள். மொத்தமே எழுபது கார்கள். முதலாவதை, அவர் ஓய்வு பெற்ற நாளில் கம்பெனி அவருக்கே கொடுத்துவிட்டது. நாளை அது அருங்காட்சியகத்துக்குப் போகிறது. பெட்ரோலை வடித்துவிட்டுக் கண்ணாடிக்குள் நிறுத்திவிடுவார்களாம்.

இன்று கேட்டே விடுவது என்று காப்பியோடு ஷெட்டுக்குப் போனாள். கதவு அகலத் திறந்திருந்தது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஸ்டீயரிங்கில் கை வைத்து, கண்ணை மூடி, தலையைச் சாய்த்திருந்தார். ஆயில் சூடாகும் வரை அப்படித்தான் காதாலேயே இன்ஜினைச் சோதிப்பார். அப்போது வீடே தீப்பிடித்தாலும் யாரும் பேசக்கூடாது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கேட்க வேண்டியதை மனதுக்குள் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தாள். காப்பியில் ஆடை படிந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து, அந்தக் காரை முதன்முதலில் ஓட்டிய டெஸ்ட் டிரைவர் வந்தார்.

"என்ன அண்ணி, அண்ணன் உங்க சக்களத்தியக் கொஞ்சி முடிக்கலையா இன்னும்?"

சொல்லிக்கொண்டே அவள் கணவரின் தோளைத் தட்டினார். கை அங்கேயே நின்றுவிட்டது. பிறகு கழுத்தில் நாடி தேடினார்; இரண்டு பக்கமும் தேடினார்.

"அண்ணி... எவ்வளவு நேரமா இப்படி?"

"ஆயில் சூடாகுதுன்னு..."

இரண்டு கை தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். காப்பி ஆறுகிறதே என்றுகூட ஒரு குரல் கொடுக்கவில்லை.

டிரைவர் இன்ஜினை அணைக்கச் சாவியைத் தொட்டார்.

"வேண்டாம் தம்பி. அணைக்காதீங்க."

காரைச் சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்தாள். தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். இருக்கை அட்டைபோல மெலிதாக இருந்தது. இன்ஜினின் அதிர்வு முதுகில் ஏறியது. எதிரே, ஆயில் சூட்டைக் காட்டும் முள் நடுவில் வந்து நின்றிருந்தது.

"ஆயில் சூடாயிடுச்சுங்க," என்றாள் அவரிடம். "என்னையும் ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்க."