காபி குடித்த சாஃப்ட்வேர்

திருப்பூரில் ரிமோட் மானிட்டரிங் சாஃப்ட்வேர்கள் நேரில் வந்துதான் ட்ரையல் கொடுக்கும். தூரத்தில் நின்றபடி கம்ப்யூட்டர்களைக் கவனிப்பது, பழுதைச் சொல்வது, முடிந்தால் அங்கிருந்தே சரிசெய்வது, இதுதான் அவற்றின் தொழில். கிட்டத்தில் இருப்பது அவற்றின் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியாது. அதனால் தெருவைத் தாண்டி எங்காவது நின்றுகொள்ளும். அவற்றை வீட்டுக்குள் கூப்பிட்டுக் காபி மட்டும் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் சொந்தமாகிவிடும். மனுசச் சொந்தம் மாதிரி இல்லை அவை. காபி குடித்த பிறகு குறையே சொல்லாது.

துளசிமணி தனியாக ஐ.டி. சர்வீஸ் தொடங்கியபோது, நல்லதாக ஒரு சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுக்கத்தான் முதலில் அலைந்தாள். அதுவரை அக்கா வீட்டுக்காரர் கருப்பண்ணனின் கம்பெனியில் வேலை பார்த்தாள். வேலையெல்லாம் அவளுடையது, பேரெல்லாம் அவருடையது. போதுமடா சாமி என்று வெளியே வந்தாள். கருப்பண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் நாற்காலியைத் துடைத்துவைத்து, அதற்கு மேலே ஃபேனையும் ஓடவிட்டிருந்தார். எப்படியும் திரும்பி வருவாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவளை நம்பி வந்த ஒரே ஆள், பனியன் கம்பெனி முதலாளி நல்லசிவம். தன் ஆபீஸிலேயே நோஞ்சானான நாலு கம்ப்யூட்டர்களைப் பொறுக்கி அவள் வீட்டுக்கு அனுப்பினார். திங்கட்கிழமை வந்து பார்ப்பதாகவும், சாஃப்ட்வேர் பிடித்தால் மொத்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் வேலையும் அவளுக்கு, பிடிக்காவிட்டால் கருப்பண்ணனுக்கு என்றும் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை தோற்றால் செவ்வாய்க்கிழமை அந்த ஃபேனுக்கு அடியில் போய் உட்கார வேண்டியதுதான்.

முதலில் வந்த சாஃப்ட்வேர் எதிர்வீட்டு மாடியில் நின்றது. கண்ணில் பட்டதையெல்லாம் இறங்கி வந்து கதவைத் தட்டிச் சொன்னது. கம்ப்யூட்டர் ஆன் ஆகியிருக்கிறது என்றது. மவுஸ் நகர்கிறது என்றது. குக்கரில் அடுத்த விசில் வரப்போகிறது என்றது. எது அவசரம், எது வெட்டிப்பேச்சு என்று அதற்கே தெரியவில்லை. துளசிமணி கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தாள்.

இரண்டாவது வந்தது வாயே திறக்கவில்லை. எதிலாவது கோளாறு மாதிரி தெரிந்தால் உடனே ரீஸ்டார்ட் செய்துவிடும். துளசிமணியின் வீட்டுக்காரர் மயில்சாமி சாப்பிடும்போது லேசாகப் புரையேறியது. அது அவரை ரீஸ்டார்ட் செய்தது. மயில்சாமி எழுந்து வாசலுக்குப் போய், செருப்பைக் கழற்றி உள்ளே வந்து, இன்னைக்கு என்ன குழம்பு என்று கேட்டு, முதலிலிருந்து சாப்பிட்டார். இப்படியே போய்க் குழம்புச் சட்டி காலியானதும் அதையும் அனுப்பிவிட்டாள்.

மூன்றாவது தெருக்கோடி டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றது. காலையில் ஒரு தடவை வாசல்வரை வந்து, சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லும். ஓரத்தில் இருக்கும் கம்ப்யூட்டரின் டிஸ்க் போகப்போகிறது, அதில் இருந்ததை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டேன் என்று ஒருநாள் சொன்னது. துளசிமணிக்கு மனசு நிறைந்துபோனது. இதுதான் என்று முடிவு செய்து, அன்றைக்கே பேசி முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தூறல் போட்டது. துளசிமணி கேபிள் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். ஓர் ஆள் மழையில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மயில்சாமியால் முடியவில்லை. கொங்குநாட்டுக்காரருக்கு அது வராது. உள்ளே கூட்டி வந்து துண்டு கொடுத்தார். அதோடு நிற்காமல் காபியும் முறுக்கும் கொடுத்தார்.

துளசிமணி திரும்பி வந்தபோது சாஃப்ட்வேர் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. வா தங்கச்சி என்றது. ஓரத்துக் கம்ப்யூட்டரிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அதற்கு என்ன என்று கேட்டாள். நல்லா வாட்டசாட்டமா இருக்குது, கண்ணு வெச்சுராதே என்றது.

"என்னங்க இப்படிப் பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றாள்.

"நம்ம தெருக்கோடியில ஒருத்தர் நனையறப்ப, வாங்கன்னு சொல்லாம எப்படி இருக்கறது?" என்றார் மயில்சாமி.

திங்கட்கிழமை நல்லசிவம் வந்தார். ஒன்று புகைந்துகொண்டிருந்தது. ஒன்றில் திரை இருண்டிருந்தது. மற்ற இரண்டும் கூவிக்கொண்டிருந்தன. சாஃப்ட்வேர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தது. "எல்லாம் நல்லா இருக்குதுங்க. உங்க கம்பெனியே நல்லா இருக்குதுங்க" என்றது.

துளசிமணி பேசாமல் இருந்திருக்கலாம். ஃபேன் ஓடும் சத்தம் அவளுக்குக் காதிலேயே கேட்டது. ஆனாலும் மனசு வரவில்லை. அது காபி குடித்துவிட்டது, சொல்வது அத்தனையும் பொய் என்று சொல்லிவிட்டாள். எந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன பழுது என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

நல்லசிவம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொய்யின்னு தெரியுது கண்ணு. ஆனா கம்பெனி ஆரம்பிச்ச நாள்ல இருந்து, நல்லா இருக்குதுன்னு ஒருத்தர் வாயிலயும் நான் கேட்டதில்லை" என்றார்.

சாஃப்ட்வேரைத் தன் ஆபீஸ் முன்னறையில் உட்கார வைத்துக்கொள்வதாகச் சொன்னார். தினமும் காலையில் எல்லாம் நல்லா இருக்குது என்று அது அவரிடம் சொன்னால் போதும். நிஜத்தைச் சொல்லத் துளசிமணியே இருக்கட்டும் என்றார். ஒரே நிபந்தனை, அவள் கம்பெனிக்குள் வரக் கூடாது. வந்தால் தன் வீட்டம்மா காபி கொடுக்காமல் விடமாட்டாள் என்றார்.

அதனால் துளசிமணி ஊருக்கு வெளியே இருந்த கரட்டின், அந்தச் சின்னப் பாறைக்குன்றின் உச்சியில் குடையோடு போய் நின்றாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. நாள் போகப் போகக் கிட்டத்தில் இருப்பது மங்கித் தூரம் திறந்தது. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. பனியன் கம்பெனி சர்வருக்குள் சேரும் தூசி பளிச்சென்று தெரிந்தது. போன் போட்டுச் சொன்னாள், கீழே துடைத்தார்கள். மயில்சாமி சாப்பாட்டைப் பாறைமேல் வைத்துவிட்டு, அவள் கண்ணுக்குத் தெரியும் தூரம்வரை இறங்கிப் போய் நின்று பேசுவார். துளசிமணி சந்தோஷமாக இருந்தாள்.

ஒரு மத்தியானம் கரட்டில் ஏதோ வரிசையாக ஏறி வந்தது. தூரத்தில் வரும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கருப்பண்ணன் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள். வயர்களைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க வந்து நின்றன. இனிமேல் எங்களையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றன.

"கிட்ட வந்தா எனக்குக் கண்ணு தெரியாதுங்க. கீழயே நில்லுங்க, பாத்துக்கறேன்" என்றாள் துளசிமணி.

அவை சரியென்று இறங்கிப் போய், நல்லசிவம் கம்பெனி வாசலில் இடம் பார்த்து நின்றுகொண்டன.