சாயம் போகாத ஆயில்

மனிதன் பிறர் தயவில்லாமல் நிற்கத் துணிகிற நாள்தான் அவன் மெய்யாகப் பிறக்கிற நாள். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் வைகாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருநகரில் சாயப்பட்டறை முதலாளி ஜனகராஜ் அப்படிப் பிறந்துகொண்டிருந்தார். தலை மாருதி காருக்கு அடியிலும் கால்கள் தெருவிலுமாக, லுங்கி எதிலோ மாட்டிக்கொண்டு.

"என்னண்ணே, காருக்குப் பேறுகாலம் பாக்குறீகளா?" என்றார் எதிர்வீட்டுப் பேயாண்டி. எழுமலைப் பக்கத்துத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இங்கே குடிவந்தவர். அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலை கிடையாது.

"ஆயில் மாத்துறேன்" என்றது காருக்கடியிலிருந்து ஒரு குரல்.

எல்லாம் அவனியாபுரத்து மெக்கானிக் சின்னக்கருப்பன் செய்த வேலை. முந்தைய நாள் அவன், "ஆயில் கன்னங்கரேல்னு கெடக்குண்ணே. விட்டுட்டுப் போங்க, திங்கக்கெழம தாரேன்" என்று சொல்லிவிட்டான். ஞாயிறு சாயங்காலம் மகள் வித்யாஸ்ரீயைப் பெண் பார்க்கப் பரமக்குடியிலிருந்து வருகிறார்கள். ஸ்டேஷனிலிருந்து சொந்தக் காரில் அழைத்து வருவதாக ஜனகராஜ் போனிலேயே சொல்லியாயிற்று. சொல்லும்போது 'கார்' என்ற சொல்லை மூச்சுக்கு ஒருமுறை சேர்த்துக்கொண்டும் ஆயிற்று. "அப்படின்னா நானே மாத்திக்கிறேன்" என்றார். சின்னக்கருப்பன் சிரித்தான். "அண்ணே, இது சேலைய முக்கி எடுக்குற வேலையில்லண்ணே."

இந்தக் கடைசி வாக்கியம்தான் அவரைக் காருக்கடியில் தள்ளியது.

"டாக்சி வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?" என்று மனைவி ரங்கநாயகி கேட்டாள். கேட்டது வீட்டில் பேசுகிற சௌராஷ்டிர பாஷையில். தமிழில் எழுதும்போது பாதிக் காரம் போய்விடுகிறது. ஆயிலைப் பிடிக்கத் துணி அலசுகிற பேசினை அவர் தூக்கிக்கொண்டு போனபோது அவள் சொன்னதை எழுதவே முடியாது.

காருக்கடியில் ஆயிலை வடிக்கிற நட்டுகள் இரண்டு இருந்தன. ஒன்று எஞ்சினுடையது. மற்றது கியர்பெட்டியுடையது. ஜனகராஜ் கைக்கு வாகாக இருந்ததைக் கழற்றினார். அது கியர்பெட்டியுடையது.

பேசினில் ஆயில் விழுந்தது. தேன் நிறம். ஜனகராஜ் வெளியே உருண்டு வந்து அதை உற்றுப் பார்த்தார். பிறகு, தலைமுறை தலைமுறையாகச் சுங்குடிச் சேலைக்குச் சாயம் காய்ச்சுகிற ஒருவர் செய்யக்கூடியதைச் செய்தார். வெள்ளைத் துணியின் ஒரு முனையை அதில் நனைத்து, பிழிந்து, கட்டைவிரலால் தேய்த்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கறுப்புச் சாயம் துளிகூட ஏறவில்லை.

"பாத்தீங்களா பேயாண்டி! கன்னங்கரேல்னு சொன்னான். இது கறுப்பா? இதுல அப்பளம் பொரிக்கலாம்! இத்தனை வருஷமா நல்ல ஆயிலை எடுத்துட்டு நம்மள ஏமாத்தியிருக்கான்."

"அட, ஆமாண்ணே!" என்றார் பேயாண்டி. உண்மையிலேயே அசந்துபோனார். அந்தத் துணி தெருவில் நாலு வீடு சுற்றி வந்தது.

நட்டை முறுக்கிவிட்டு, வாங்கி வைத்திருந்த புது ஆயில் டின்னை எஞ்சினுக்குள் முழுசாகக் கவிழ்த்தார். பழையது ஒரு சொட்டும் குறையாமல் அங்கேயே இருந்தது. அளவுக் கம்பியை உருவினால் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தது, கறுப்பாகவும் இருந்தது. "தாராளமா இருக்கட்டும். கறுப்பு பழைய கறை, போகப் போக வெளுத்துரும்" என்று தீர்ப்புச் சொன்னார். சாயத்தில் அவர் தீர்ப்புக்கு மதுரையில் அப்பீல் கிடையாது.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போகும்போதே பின்னால் வெள்ளைப் புகை வந்தது. மாப்பிள்ளை விஜய்ஆனந்தும் அவன் அப்பாவும் ஏறிக்கொண்டு பழங்காநத்தம் தாண்டியதும் கியர்பெட்டி உறும ஆரம்பித்தது.

"இது என்ன சத்தம்?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"புது ஆயில். நானே என் கையால போட்டது. பழகுற வரைக்கும் அப்படித்தான்."

"புகை?"

"அதுவும் பழகணும்."

ஒரு டவுன் பஸ் ஓட்டுநர் பக்கத்தில் வந்து தலையை நீட்டி, "அண்ணே, வண்டிய நிப்பாட்டுங்க, ஊரே தெரியல!" என்று கத்தினார். ஜனகராஜ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். ஒரு மெக்கானிக்குக்கே பணியாதவர் பஸ் ஓட்டுநருக்கா பணிவார்? பசுமலை ஏற்றத்தில் ஏதோ நொறுங்குகிற ஓசை கேட்டது. அதற்குப் பிறகு கியர் எதிலும் விழவில்லை. கார் பின்னால் உருளப் பார்த்தது. ஹேண்ட்பிரேக்கைச் சுண்டி இழுத்தார்.

"ஆட்டோ பிடிச்சிருவோமா?" என்றான் மாப்பிள்ளை மெதுவாக.

"கார்ல கூட்டிட்டு வாரேன்னு சொன்னேன். கார்லதான் போறோம். வீடு பக்கம்தான்."

மாப்பிள்ளையின் அப்பா இறங்கிப் பட்டுவேட்டியை மடித்துக் கட்டினார். மாப்பிள்ளை சட்டைக் கையைச் சுருட்டினான். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். ஜனகராஜ் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார். முதுகை நிமிர்த்தி, நேராகப் பார்த்து, எதிரே வந்தவர்களுக்கெல்லாம் ஹாரன் அடித்தார்.

ஏற்றம் முடிகிற வரைக்கும் ஹேண்ட்பிரேக் போட்டேதான் இருந்தது.