மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு நாற்காலி

பன்னிரண்டு வருடமாக மேடையில் செய்துவந்த வேடம் கஸ்பார் கோபோவின் கையைவிட்டுப் போய்விட்டது. ராணுவம் மலை ஊர்களை எரித்த வழக்கைப் பற்றிய நாடகம் அது. சாட்சியாக வந்து தனக்கு நேர்ந்ததையே சொல்லும் ஹசிந்தா அக்கா, மலைமக்களின் இஷில் மொழியில் ஒரு வரி சொல்வாள்; கோர்ட் மொழிபெயர்ப்பாளன் வேடத்தில் அவன் அதை நீதிபதிக்கு ஸ்பானிஷில் சொல்வான். நாடகம் இப்போது சினிமாவாகிறது. தலைநகரிலிருந்து வந்த டைரக்டர், "படத்துக்குக் கீழ ஸ்பானிஷ்ல எழுத்து ஓடும், நீ எதுக்குப்பா?" என்று ஒரே வரியில் அவன் கதையை முடித்துவிட்டார். பெரிய மேதாவி!

நெபாஹ் என்ற அந்த மலையூரின் மண்டபம் படப்பிடிப்புக்காகக் கோர்ட்டாக மாறியிருந்தது. மனசு கேட்காமல் கஸ்பாரும் வந்து ஓரமாக நின்றான்.

கேமரா ஓடியது. ஹசிந்தா அக்கா ஒரு வரி சொன்னாள். நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

"கட்! ஏம்மா நிறுத்திட்டீங்க? மடமடன்னு சொல்லுங்க."

"கஸ்பார் சொல்லி முடிக்கணும்ல?"

"அவன்தான் படத்துலயே இல்லையே. எழுத்து வரும்மா."

"அது டிக்கெட் வாங்கினவங்களுக்கு. இந்த நீதிபதி அய்யாவுக்கு இஷில் தெரியுமா?"

நீதிபதி வேடக்காரர் அசடு வழிந்தார்.

"ஒண்ணும் புரியாமத்தான் தலையை ஆட்டுறாரு. இவர்கிட்ட நான் எம்புள்ள போனதைச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு கஸ்பாரைக் கூப்பிட்டார். "உன் மூஞ்சி வராது, குரல் மட்டும்தான். கேமராவை ஒட்டி, அம்மாவுக்கு எதிர்ல உக்காரு."

மேடையில் அவன் எப்போதும் அவளுக்கு முதுகைக் காட்டி, நீதிபதியைப் பார்த்தே பேசியவன். இன்றுதான் எதிரில் உட்கார்ந்தான்.

குழந்தையைச் சிப்பாய் பிடுங்கிப்போனதை அவள் கண் கலங்காமல் சொன்னாள். "என் கையிலிருந்து பிடுங்கினான்" என்று அவன் ஸ்பானிஷில் சொல்லும்போதுதான் அந்த முகம் நடுங்கியது. சொல்லும்போது ஒருமுறை, கேட்கும்போது ஒருமுறை. இத்தனை வருடமும் ஒவ்வொரு வரியையும் இவள் இரண்டு தடவை தாங்கியிருக்கிறாள். தன்பாட்டுக்குக் கைதட்டலுக்குக் காத்திருந்ததை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது. என்ன மனுஷி இவள்!

அடுத்த வரி வந்தது. மூன்று நாள் காட்டில் தேடியும் பிள்ளை கிடைக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. குரல் தானாக இறங்கியது.

ஹசிந்தா அக்கா நிமிர்ந்தாள். வசனத்தில் இல்லாததை இஷிலில் சொன்னாள்.

"தம்பி, எனக்காகக் குரலை எறக்காத. அவங்களுக்குக் கேக்கணும்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசிச் சுவர்வரை கேட்கும்படி, அந்த வரியை முதலிலிருந்து சொன்னான்.