அவர் நின்ற இடம்

மல்லாபூரில் அந்த பிளாஸ்டிக் கம்பெனியின் கேட்டுக்கு வெளியே சாந்தா காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். சுவரோரத்து நிழல் குறுகிக்கொண்டே வந்தது. அவள் கையில் ஒரு பாலிதீன் பை. அதில் அவள் கணவர் ஜம்புநாதனின் சாப்பாட்டு டப்பா, ஒரு துண்டு, மூக்குக்கண்ணாடிக் கூடு. செக்யூரிட்டி ஜெயராம் அவற்றை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, இனி பேச ஒன்றுமில்லை என்பதுபோல ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அந்தா இச்சேசாருகதாம்மா. வெள்ளிப்போதாம்," என்றாள் மகள் அக்ஷதா. எல்லாம் கொடுத்துவிட்டார்களே, போய்விடலாம் என்று. கொண்டாப்பூர் ஐ.டி. கம்பெனியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அம்மா தமிழில் பேசினால் தெலுங்கில் பதில் சொல்வது அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம்.

"நீ வேணா போடி. கடைசியா அவர் எந்த இடத்துல நின்னார்னு நான் பார்க்கணும். பார்த்துட்டு வரேன்."

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்றைக்கு ஜம்புநாதன் காலை ஷிஃப்டுக்குத்தான் போனார். அடுத்த ஷிஃப்ட் ஆள் வரவில்லை என்று அதையும் சேர்த்துப் பார்த்தவர், மெஷின் பக்கத்திலேயே விழுந்துவிட்டார். மல்காஜ்கிரி வீட்டிலிருந்து சாந்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

சாந்தாவுக்கு ஆஸ்துமா. விடியற்காலையில் தண்ணீர் பிடித்து, காய் நறுக்கி வைத்து, அக்ஷதாவுக்குப் பத்தாவது முடிக்கும்வரை தலை பின்னிவிட்டது ஜம்புநாதன்தான். சூட்டில் காய்த்துப்போன விரல்களில் முடி மாட்டிக்கொள்ளும். "நொப்பி நான்னா!" என்று அக்ஷதா வலியில் அப்பாவிடம் கத்துவாள். அவர் வாயில் ரிப்பனைக் கடித்துக்கொண்டே சிரிப்பார்.

சாப்பாட்டு மணி அடித்தது. கேட்டைத் தாண்டி ஓர் ஆள் வேகமாக வந்தான். நாற்பது வயதிருக்கும். சட்டையெல்லாம் வியர்வை.

"வாங்கோ மாமி! சௌக்கியமா இருக்கேளா?"

அக்ஷதா சட்டென்று திரும்பி முறைத்தாள். சாந்தா மட்டும் அசையாமல் நின்றாள். அந்த 'வாங்கோ'வில் கடைசி எழுத்தை இழுக்கிற இழுப்பு அவளுக்குத் தெரிந்ததுதான்.

"நீ ராகவேந்திராதானே? பக்கத்து மெஷின்னு அவர் சொல்வாரே?"

"ஹவ் மாமி, ஆமாம். என் தமிழ் பூரா ஜம்பு சார் தமிழ். என்னை 'அடே அசடே'ன்னுதான் கூப்பிடுவார். அவ்ளோ ப்ரியம். நானும் எங்காத்துல பையனை 'அசடே'ன்னுதான் கொஞ்சறேன்." அவன் கொஞ்சம் தயங்கினான். "தம்பின்னுதானே அர்த்தம்?"

சாந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை நாளுக்கப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஆமாம்ப்பா. தம்பின்னுதான்."

"இங்க அவர் பேர் ஹவ் சார். 'இன்னொரு ஷிஃப்ட் பாக்கறீங்களா?'ன்னா, ஹவ். 'பண்டிகைக்கு வரீங்களா?'ன்னா, ஹவ். வேற பதிலே கிடையாது."

"ஆத்துல எல்லாமே நக்கோ, வேண்டாம்தான்," என்றாள் சாந்தா. "புதுச் சட்டை நக்கோ. டாக்டர் நக்கோ. இன்னும் ஒரு கரண்டி சாதம்னா, அதுவும் நக்கோ."

"எனக்கு மட்டும் நக்கோ சொன்னதேயில்ல," என்றாள் அக்ஷதா. தமிழில் சொன்னாள்.

சாந்தா பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். "நாள் பூரா ஒக்காந்துண்டே வேலைன்னு சொல்வார். உடம்பு இளகணுமேன்னு, வந்ததும் வராததுமா கடைக்கு நடத்தி அனுப்புவேன். வாயைத் திறக்காம பையை எடுத்துண்டு போவார்."

ராகவேந்திரா செருப்பு நுனியால் ஒரு கல்லை ஓரமாகத் தள்ளினான்.

அதற்குள் சூப்பர்வைசர் நந்தகுமார் கேட்டுக்கு வந்தார். ராகவேந்திரா அவரிடம் தெலுங்கில் கெஞ்சினான். அவர் சாந்தாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஜம்புகாரு மாதிரி ஆள் கிடைக்க மாட்டாங்கம்மா. ஆனா வெளி ஆளுங்களை உள்ளே விடறதுக்கு இல்லே. சேஃப்டி ரூல்."

"நான் எதையும் தொடமாட்டேன். அப்படிப்பட்ட மனுஷர் எங்க நின்னார்னு பார்த்துட்டுப் போயிடறேன்."

நந்தகுமார் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஆபீஸ் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம். மெஷின் நிக்கக் கூடாது. ராகவேந்திரா, நீ கூட இரு."

உள்ளே, உருகிய பிளாஸ்டிக்கின் நெடி தொண்டையில் இறங்கியது. சாந்தா இருமினாள். அக்ஷதா அவள் முதுகில் கை வைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றும் ஒரு பஸ் நீளத்துக்கு மெஷின்கள் உறுமிக்கொண்டிருந்தன. சுவரோரமெல்லாம் கூரை தொடும் உயரத்துக்கு நாற்காலிகள், சிவப்பும் நீலமுமாக, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக் கிடந்தன.

"இதான் மாமி. இந்த ரெண்டும் அவரோடது."

இரண்டு மெஷின்களுக்கும் நடுவில் ஒரு புது ஆள் இருந்தான். நரைத்த தலை, ஒல்லி உடம்பு. ஒரு மெஷின் திறந்தது. நாற்காலியை இழுத்து எடுத்தான், விளிம்பைக் கத்தியால் சீவினான், அடுக்கில் வைத்தான். அதற்குள் எதிர்ப்பக்கத்து மெஷின் திறந்துவிட்டது. ஓடினான்.

"இதுல அவர் எங்க நிப்பார்?" என்றாள் சாந்தா.

"முன்னே ரெண்டு ஆள் இருந்தோம். அப்போ நிக்கலாம். என்னை அந்தப் பக்கம் போட்டப்புறம் அவர் ஒருத்தர்தான். நிக்க ஏது மாமி நேரம்?"

சாந்தா குனிந்து பார்த்தாள். தரைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தது. அந்த மெஷினிலிருந்து இந்த மெஷின்வரைக்கும் மட்டும், ஓரடி அகலத்துக்குப் பெயிண்ட் தேய்ந்துபோய், சிமெண்ட் வெளுத்துத் தெரிந்தது. வயலில் வரப்பு போல ஒரே நேர்கோடு.

அவள் செருப்பைக் கழற்றினாள். அந்த வெளுத்த தடத்தின்மேல் பாதத்தை வைத்தாள். சூடு ஏறியது. மறுபாதத்தையும் எடுத்து வைத்துக் கண்ணை மூடினாள்.

"ஜரகண்டிம்மா, ஜரகண்டி!"

ஆவி பறக்கும் சிவப்பு நாற்காலியை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு புது ஆள் எதிரே வந்துகொண்டிருந்தான். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் அடுத்த மெஷின் திறந்துகொண்டிருந்தது. சாந்தா தடத்தைவிட்டு விலகினாள்.