விஷம் சேர்க்காத குடுவை

பேராசிரியருக்குக் கோபம் வந்தால் என்னை "அம்மா" என்று கூப்பிடுவார். அன்று காலை மூன்று தடவை கூப்பிட்டார்.

"என்னம்மா இது? விஷம் வைக்காத செல்லும் இப்படிச் சோர்ந்து கெடக்கு?"

எங்கள் ஆய்வகத்தில் மனிதத் தோல் செல்களைக் குடுவைகளில் வளர்க்கிறோம். பாதியில் ஆர்சனிக் கலப்போம், பாதியில் கலக்க மாட்டோம். செல் ஓயாமல் புரதம் செய்துகொண்டே இருக்கும். புதிதாகச் செய்த புரதத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் மருந்து ஒன்று உண்டு. அதை வைத்துப் படமெடுப்போம்; செல் ஒழுங்காக வேலை செய்தால் படத்தில் கறுப்புக் கோடுகள் விழும். ஆர்சனிக் பட்டால் உற்பத்தி படுத்துவிடும், கோடு வெளிறிவிடும். இப்போது எதுவுமே கலக்காத குடுவைகளின் கோடுகளும் மாதாமாதம் வெளிறிக்கொண்டு வந்திருந்தன.

"திருப்பிப் பண்றேன் சார்" என்றேன். காரணம் எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை.

செல்களின் ஊட்டத் திரவத்தைத் தண்ணீரில் கரைத்துச் செய்வது நான்தான். வளாகத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், சுத்திகரிப்பு இயந்திரத்தின் வழியாக எனக்கு வரும். அதன் வடிகட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். புது வடிகட்டிக்கான விண்ணப்பம் அலுவலகத்தில் தூங்கியது. தணிக்கைக்கு ஆள் வரும்போதெல்லாம் சுவரில் தொங்கும் தாளில் "மாற்றப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மூன்று முறை போட்டாயிற்று. இயந்திரத்தில் எரிந்த சிவப்பு விளக்கு கண்ணை உறுத்தியதால் அதன்மேல் ஒரு பிளாஸ்டரும் ஒட்டியிருந்தேன்.

மாட்டிக்கொள்ளும் முன் நானே தண்ணீரைச் சோதித்துவிடலாம் என்று பார்த்தேன். இயந்திரத்திலிருந்து இறங்கிய தண்ணீரில் ஆர்சனிக் இருந்தது. கிணற்றிலிருந்து நேரே ஏற்றும் மேல்தொட்டித் தண்ணீரில் அதைவிடப் பல மடங்கு இருந்தது.

அந்தத் தொட்டியிலிருந்துதான் பின்னாலுள்ள குடியிருப்பின் நாற்பது வீடுகளுக்கும் தண்ணீர் போகிறது. அதில் ஒன்று எங்கள் வீடு. மோட்டார் ஓட்டுவது என் கணவர். குடுவைக்கு வடிகட்டி வைத்துக் கட்டிய வளாகத்தில் எங்களுக்கு வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அவர் உள்ளங்கை முழுக்கக் கடுகளவு கெட்டிப் புள்ளிகள். "கையா இது, உப்புத்தாளா?" என்று கேலி செய்வேன். "ஸ்பானர் புடிக்கிற கை பின்ன எப்படி இருக்கும்?" என்பார். ஆறு வருஷமாக ஆர்சனிக்கோடு குப்பை கொட்டுகிறேன். அதே போன்ற கையின் புகைப்படத்தை எங்கள் கட்டுரையில் ஒட்டியதே நான்தான். அது வீட்டில் என் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தபோது எனக்குத் தெரியவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சோதனை முடிவைப் பேராசிரியரிடம் கொண்டு போனேன். பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"குறைஞ்ச அளவு, நீண்ட நாள்! இந்தக் குரூப் ஒண்ணு கிடைக்காதான்னு ரெண்டு வருஷமா ஏங்கிட்டிருந்தேன். செல்லைத் தூக்கிப் போட்டுடாதீங்க!"

"சார், அந்தத் தண்ணியத்தான் நாப்பது வீடு குடிக்குது. என் பொண்ணு குடிக்கிறா."

"அது பொறியியல் பிரிவு வேலை. நாம செல்லுக்குள்ள பாக்குறவங்க." பிறகு சுவரில் தொங்கிய தாளைக் காட்டினார். "எழுதிக் குடுக்கறதுன்னா குடுங்க. மொதல்ல மாட்டுறது யாருன்னு யோசிச்சுக்குங்கம்மா."

சொல்லிவிட்டு, ஊருக்குள் இருக்கும் தன் வீட்டிலிருந்து கொண்டு வந்த பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தார்.

நான் யோசித்தேன். பொய் சொல்வானேன், ஒரு மணி நேரம் யோசித்தேன். பிறகு அந்தத் தாளைக் கழற்றி, தண்ணீர் முடிவோடு சேர்த்து அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, நேரே மோட்டார் அறைக்குப் போனேன்.

"மோட்டார நிறுத்துங்க."

"யாரு ஆர்டர்?"

"உங்க பொண்டாட்டி ஆர்டர்."

அவர் சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. பிளாஸ்டர் ஒட்டியதையும் சொன்னேன். விளக்கு எரிந்த அன்றே நான் சத்தம் போட்டிருந்தால், ஒன்றரை வருஷத்துக்கு முன்பே யாராவது கிணற்றைப் பார்த்திருப்பார்கள். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"பாப்பா பொறந்ததுலேருந்து இதத்தான் குடிக்கிறா" என்றார். "நம்ம தண்ணி மாதிரி வருமான்னு நான்தான ஊத்திக் குடுத்தேன்."

சுவிட்சை அணைத்தார்.

கிணற்றை மூடினார்கள். பொய்க் கையெழுத்துக்காக என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். கிணறு தோண்டியபோது தண்ணீரைச் சோதித்தார்களா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பேராசிரியர் எங்கள் வீட்டுக்கு வந்தார், கையில் படிவங்களோடு.

"நாப்பது வீட்டுலயும் ரத்தம், நகம் எடுக்கறோம். பெரிய ஆய்வு. நீங்களும் குடுத்தா நல்லது. உங்க வேலை விஷயமா நானே பேசறேன்." பேனாவால் நெற்றியைச் சொறிந்துகொண்டார். "ஒரே ஒரு சிக்கல். ஒப்பிட்டுப் பாக்க, இங்கயே வேலை செஞ்சு இந்தத் தண்ணியக் குடிக்காத ஆளு வேணும். எங்க போய்த் தேடறது?"

"தேடவே வேணாம் சார்" என்றேன். "நீங்கதான் இருக்கீங்களே. நான் பாத்த ஆறு வருஷமா வீட்டுத் தண்ணியத் தவிர இங்க ஒரு வாய் குடிச்சதில்லையே. ஏன் சார்?"

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். படிவங்களை மேசைமேல் வைத்துவிட்டு, வாசலைப் பார்த்தபடி நின்றார்.

அவற்றை அவர் முகத்தில் விட்டெறிந்திருப்பேன். ஆனால் நகத்தில் ஆர்சனிக் எவ்வளவு என்று சொல்லும் இயந்திரம் இந்த ஊரில் அவரிடம் மட்டும்தான் இருந்தது. உள்ளே என் கணவர் பாப்பாவை மடியில் உட்காரவைத்து, அவள் நகங்களை வெட்டி ஒவ்வொன்றாக உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.