வேலியில் கட்டிய வெள்ளை

கதை எழுதுவதற்கு வேண்டிய பயிற்சியோ துணிவோ இல்லாத நான், இந்தச் சில பக்கங்களை உங்கள் கையில் தருவதற்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பாடசாலையில் கற்ற கட்டுரைத் தமிழ் ஒன்றே எனக்குக் கைவந்தது. இதை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் எங்கள் பக்கத்தில் பலர் உண்டு. அவர்களில் எவரும் எழுதப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த பின்னரே பேனாவை எடுத்தேன். குறை கண்டால் பெரிய மனதுடன் பொறுத்தருள வேண்டும்.

லிந்துலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தவள் பிரேமினி. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுச் செல்லும் குழந்தைகளை மாலைவரை பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. யார் எதைக் கேட்டாலும் அவள் வாயில் முதலில் வருவது ‘சரிங்க’ என்ற சொல்தான். யோசனை அதன் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். அதனாலேயே அவளைப் பிடிக்காதவர் அந்தத் தோட்டத்தில் இல்லை.

அவளுடைய கணவன் சுதாகரன் கட்டாரில் ஆறு வருடம் குதிரை லாயமொன்றில் வேலை பார்த்துத் திரும்பியவன். போனவர்களெல்லாம் பெரிய தொலைக்காட்சிப் பெட்டியோடு வந்து இறங்க, அவன் மட்டும் குதிரைப் பைத்தியத்தோடு வந்து இறங்கினான். நுவரெலியா வாவிக்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சவாரி விடுவதற்கு இரண்டு மட்டக்குதிரைகளை வாங்கினான். மூன்றாவதாக வந்து சேர்ந்தது பவளம். பந்தயத்தில் ஓடிக் களைத்து, இனி உதவாது என்று கழித்துவிடப்பட்ட செம்பழுப்புக் குதிரை அது. அதற்கு ஏதோ ஒரு நீளமான ஆங்கிலப் பெயர் இருந்தது. அதைச் சொல்ல வராத பிரேமினி, நிறத்தைப் பார்த்துப் பவளம் என்றாள். குதிரையும் இரண்டாம் நாளே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தது.

பவளம் சினையாயிற்று. அந்தச் செய்தி தெரிந்த அன்று சுதாகரன் மனைவியிடம் சொன்னது இதுதான்: “இது வரைக்கும் நம்மகிட்ட வந்ததெல்லாம் அடுத்தவங்க வேணான்னு தள்ளுனது. இந்தக் குட்டி மட்டும் நம்மகிட்டயே பொறந்து நம்மகிட்டயே வளரப்போகுது புள்ள.”

குட்டிக்காகத்தான் வேலி. தோட்டம் கைவிட்ட பழைய தேயிலை மலையில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, தேயிலை வேர்களைத் தோண்டி எறிந்து, புல் வளரவிட்டார்கள். நிலம் மேலிருந்து கீழாகச் சரிந்து போய், கோயிலுக்குச் செல்லும் பாதையில் முடியும். பாதைக்கும் நிலத்துக்கும் இடையில் மழைத்தண்ணீர் ஓடும் ஆழமான கான். ஓர் ஆள் உள்ளே நின்றால் தலை மட்டும் தெரியும்.

தலவாக்கலையில் இரும்புக்கடை வைத்திருக்கும் சரிபுதீன் நானாவிடம் இருவரும் போனார்கள்.

“முள்ளுக்கம்பி ஈக்குது தம்பி, ரோல் ரோலா ஈக்குது. எத்தன வேணும்?” என்றார் நானா.

“முள்ளுக்கம்பி வேணாங்க நானா.”

“என்ன தம்பி செல்றீங்க? இந்த மல முழுக்க முள்ளுக்கம்பிதானே அடிச்சி ஈக்கி? மாட்டுக்கு ஒண்ணும் ஆகல்லியே.”

“மாடு வேலியக் கண்டா நின்னு யோசிக்கும் நானா. குதிர ஓடிட்டு, அப்பறமாத்தான் யோசிக்கும்.”

“அப்ப என்ட பெரிய மகனும் குதிரதான்,” என்றார் நானா. பிரேமினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

குதிரைக்கு மரச்சட்டமே நல்லது என்பது சுதாகரனின் முடிவு. ஆனால் மரம் கிடைப்பது எளிதாக இல்லை. முந்திய வருடக் காற்றில் சாய்ந்த டர்பன்டைன் மரங்களை வெட்டிக்கொள்ளத் தோட்டத்துரை அனுமதித்தார். அவை மேல்பக்கத்துக்கும் இரண்டு பக்கவாட்டுகளுக்கும் போதுமானவையாக இருந்தன. பாதையோரமாகிய கீழ்ப்பக்கந்தான் எல்லாவற்றிலும் நீளம். அதற்கு முள் இல்லாத தடித்த கம்பியை நான்கு வரிசையாக இழுப்பது என்று முடிவாயிற்று. தூண்களின் அடிக்குக் கழிவெண்ணெய் பூசினான். குதிரை தோளால் தள்ளினாலும் ஆணி பிடுங்கிக்கொள்ளாதபடி கம்பியைத் தூணின் உட்பக்கமாகவே அடித்தான். மூலைகளைக் கூராக விடாமல் குறுக்குப் பலகை வைத்து வளைத்தான். இத்தனையும் செய்து முடித்த பின் தூர நின்று பார்த்துவிட்டு, தலையை ஆட்டினான்.

“கம்பி மனுசனுக்கே தெரியல. மிஸ்ட் வந்து மலைய மூடுனா குதிரைக்கு எப்படித் தெரியும்?”

வழி கண்டவள் பிரேமினி. உரம் வரும் வெள்ளைச் சாக்குகளை ஸ்டோரில் கேட்டு வாங்கி, கை நீளத்துக்குக் கிழித்து, மேல் கம்பி இரண்டிலும் சாண் இடைவெளியில் கட்டினாள். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகள் உறங்கும் வேளையில் கிழிப்பாள். வேலை முடிந்து வந்து கட்டுவாள். பதினாறு நாள் ஆயிற்று. மொத்தம் அறுநூற்று நாற்பது துண்டுகள். காற்று வீசினால் கீழ்ப்பக்கம் முழுவதும் வெள்ளையாய்ப் படபடக்கும். முதல்நாள் பவளம் காதுகளை விறைத்துக்கொண்டு தூரவே நின்றது. மூன்றாம் நாள் அதற்குப் பழகிவிட்டது. சரிவில் எவ்வளவு வேகமாக இறங்கினாலும், அந்த வெள்ளைக் கோட்டைக் கண்டதும் அழகாகத் திரும்பிக்கொள்ளும்.

பாதையில் போனவர்களுக்கோ அது வேறு விதமாகத் தெரிந்தது. சாவு விழுந்த வீட்டுப் பாதையில் வெள்ளைக்கொடி கட்டுவது நம் நாட்டு வழக்கம் அல்லவா? “யாரு பிரேமினி போய்ச் சேர்ந்தது? சொல்லவே இல்லையே!” என்பாள் ஒருத்தி. “வந்தது வந்துட்டோம், ஒரு கப் பிளேன்டி ஊத்தக்கூடாதா?” என்பாள் அடுத்தவள். பிரேமினியும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பாள்.

சித்திரைக் கடைசியில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். அது நுவரெலியாவில் வசந்தகாலச் சனநெருக்கடி குறையாத நேரம். சுதாகரன் இரண்டு மட்டக்குதிரைகளோடும் வாவிக்கரையிலேயே தங்கியிருந்தான். பவளத்துக்கு வயிற்றில் ஒன்பது மாதம்; இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

தேருக்கு முதல்நாள் மாலை தோட்டத் தலைவர் செல்லசாமி, கோயில் கமிட்டியார் இருவரோடு வந்தார். பிரேமினிக்குத் தாய்மாமன் முறை. நல்ல மனிதர். குதிரை நிலத்துக்காகத் துரையிடம் பேசியவரும் அவரே. வந்தவர் உட்காரவும் மாட்டாமல் தயங்கி நின்றார்.

“தாயி, தப்பா நெனைக்காத. நாளைக்கு ஆத்தா இந்தப் பாதையாலதான் வர்றா. ரெண்டு பக்கமும் தோரணம் கட்டிக்கிட்டு வர்றோம், இந்த எடத்துக்கு வந்தா சாவுக்கொடி கட்டுனாப்ல இருக்கு. ஆளுங்க ஒரு மாதிரி பேசுறாங்க.”

“சரிங்க மாமா.”

“கொடி எறக்குற வரைக்குந்தான். மூணே நாளு. அப்பறமா நீயே கட்டிக்க.”

“சரிங்க மாமா.”

“குதிரைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

அந்தக் கேள்விக்கு வேறு பதில் இருந்தது. அது பிரேமினிக்குத் தெரியும். ஆனால் சாமி காரியமாக வந்த பெரிய மனிதர்களை வாசலில் நிறுத்திவைத்து, கம்பியையும் மிஸ்டையும் பற்றி வியாக்கியானம் செய்வது மரியாதையாகுமா என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. “நான் மேல பட்டியில அடைச்சுப்போட்டுருவேன் மாமா,” என்றாள்.

அன்றே அறுநூற்று நாற்பது துண்டுகளையும் அவிழ்த்து ஒரு சாக்கில் போட்டு மேலே பட்டிக்கு அருகிலுள்ள வாசல் கேற்றடியில் வைத்தாள். கம்பி மறுபடி காற்றோடு காற்றாகிவிட்டது. இரவுச் சாப்பாட்டு வேளையில் சுதாகரன் தொலைபேசியில் கேட்டான்.

“பவளம் எப்படி இருக்கு?”

“நல்லாருக்கு.”

“வேலியெல்லாம்?”

“சரியாத்தான் இருக்கு,” என்றாள் பிரேமினி. அவனை அவ்வளவு தூரத்தில் வைத்து ஏன் கவலைப்பட வைக்க வேண்டும் என்பது அவள் எண்ணம்.

தேர் வந்தது. தப்பு முழங்க, மஞ்சள் துணியும் வேப்பிலையுமாகப் பாதை ஒளிர, ஆத்தா குறைவின்றி ஊர்வலம் போனாள். பட்டிக்குள் பவளம் ஒரு சத்தமும் போடவில்லை. மறுநாள் மஞ்சள் நீராட்டு. அன்றுதான் அது கதவை உதைக்கத் தொடங்கியது. நடந்து பழகிய சினைக்குதிரை அசையாமல் நின்றால் கால் வீங்கும் என்று சுதாகரன் சொல்லியிருந்தான். பின்னங்கால்கள் வீங்கித்தான் இருந்தன. மூன்றாம் நாள் பகல் கொடி இறக்கியாயிற்று என்று மேளம் சொன்னபோது, கதவில் அடித்து அடித்து முழங்காலில் தோல் உரிந்திருந்தது.

பிள்ளைக்காம்பராவில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு பிரேமினி ஓடிவந்தாள். வெயில் நன்றாக அடித்தது. முதலில் துண்டுகளைக் கட்டிவிட்டுப் பிறகு குதிரையை விடுவதா, குதிரையை விட்டுவிட்டுக் கட்டுவதா என்று பட்டி வாசலில் ஒரு கணம் நின்றாள். உள்ளே மறுபடி ஓர் உதை விழுந்தது. வயிற்றில் பட்டுவிட்டால்?

“இருடி, இருடி, தெறக்குறேன்.”

கதவைத் திறந்தாள். பவளம் வெளியே வந்து, நாலு வாய் புல் கடித்து, அவள் தோளில் மூக்கை ஒரு தரம் தேய்த்தது. அமைதியாக மேயத் தொடங்கியதைப் பார்த்துத் திருப்தியோடு சாக்கைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். முதல் தூணிலிருந்து கட்டத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. வேகமாகத்தான் கட்டினாள்.

எங்கள் மலையில் மிஸ்ட் யாரிடமும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. பள்ளத்திலிருந்து எழுந்து, தேயிலையை விழுங்கி, பாதையை விழுங்கி, பத்தாவது துண்டு கட்டும்போது பிரேமினியையும் விழுங்கிற்று. பதினோராவதை முடிச்சிடும்போது மேலே குளம்புச் சத்தம் கேட்டது.

பவளத்தை யாரும் விரட்டவில்லை. வெடிச்சத்தமும் இல்லை, நாயும் இல்லை. மூன்று நாள் அடைபட்ட உயிர், கால் நீட்டிப் பார்க்கும் மகிழ்ச்சியில் ஓடி வந்தது. அவ்வளவுதான். சரிவின் முடிவில் வெள்ளைக் கோடு இருக்கும், கண்டதும் திரும்பிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் முழு வேகத்தில் வந்தது.

“பவளம்! நில்லு! நில்லுடி!”

கம்பி அறுந்த ஓசை நீளமாக ஒலித்தது. பிறகு கானுக்குள் ஏதோ கனமாக விழுந்தது.

சத்தம் கேட்டுக் கோயிலில் தோரணம் அவிழ்த்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். பவளத்தின் முன்னங்கால் ஒன்று முறிந்திருந்தது; மற்றதில் நரம்பு வெளியே தெரிந்தது. செல்லசாமி தலைவர் தாமே கானுக்குள் இறங்கிக் குதிரையின் தலையை மடியில் தாங்கிக்கொண்டார். மிருக வைத்தியர் வந்து பார்த்து, நோகாமல் உயிர் போக ஊசி போடுவதைத் தவிரச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். குட்டியைப் பற்றி பிரேமினி கேட்டாள்.

“இன்னும் காலம் வரல்லம்மா. எடுத்தாலும் மூச்சு விடாது,” என்றார் அவர்.

எல்லாம் முடிந்து, ஆட்கள் கலைந்த பின், செல்லசாமி சேறு படிந்த வேட்டியோடு வேலியோரமாக நின்றார். கம்பியில் ஆடிக்கொண்டிருந்த பதினொரு வெள்ளைத் துண்டுகளையும் பார்த்தார்.

“இது எதுக்குக் கட்டினே தாயி?”

“குதிரைக்குக் கம்பி தெரியணும்னுதான் மாமா.”

“வெள்ளையாத்தான் இருக்கணுமா?”

“இல்லைங்க மாமா. கண்ணுக்குத் தெரிஞ்சா எந்த நெறமும் பரவாயில்ல.”

கிழவர் ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “கோயில்ல மஞ்சத்துணி ஒரு கட்டு மிஞ்சிக் கெடக்கு புள்ள. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே இருந்து கட்டிக் குடுத்திருப்பேனே. ஆத்தாவுக்கும் அழகா இருந்திருக்கும்,” என்றார். அவர் குற்றம் சொல்லவில்லை. அழுதார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அன்று பிரேமினிக்கு வாய் இருந்தது. அதில் ‘சரிங்க’ மட்டுமே இருந்தது.

சுதாகரன் மறுநாள் வந்தான். கானையும் பார்த்தான், புதைத்த இடத்தையும் பார்த்தான். அவன் கத்துவான் என்று காத்திருந்த பிரேமினிக்கு, அவன் தாழ்ந்த குரலில் கேட்டது இன்னும் கடினமாக இருந்தது.

“எத்தன நாளு அவுந்து இருந்துச்சு?”

“மூணு நாளு.”

“மூணு நாளும் போன்ல பேசினோமே புள்ள.”

அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவும் இல்லை. கீழ்ப்பக்கத்துக்கு இப்போது மரச்சட்டம் அடித்திருக்கிறான். அதற்குள் மட்டக்குதிரைகள் இரண்டும் மேய்கின்றன. பிரேமினி பாதையால் போகும்போது அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. பிள்ளைக்காம்பராவில் யாராவது ஏதாவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் சற்றே நிற்கிறாள் என்று தாய்மார் சொல்கிறார்கள்.

இழந்தவை இவை: பவளம் என்று பெயரிட்ட, ஒன்பது வயதுப் பெண் குதிரை ஒன்று. அதன் வயிற்றில் இருந்த, பெயரிடாத குட்டி ஒன்று. நான்கு கம்பிகளில் மூன்று. தூண் ஒன்று. வெள்ளைத் துண்டுகளில் ஒன்றுகூடக் குறையவில்லை: கம்பியில் பதினொன்று, சாக்கில் அறுநூற்று இருபத்தொன்பது.